நான் பேசிய ஊமைப் படங்கள்

சைலண்ட் என்கிற இங்கிலீஷ் வார்த்தையை நான் முதன்முதலாகக் கேட்டது கம்பம் தபாலாபீஸ் வாசலில். சினிமாக் கொட்டகையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் அந்த வார்த்தையைத் தபாலாபீஸில்தான் தெரிந்துகொண்டான் என்றால் இப்போதுள்ளவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போங்கள், நடந்தது அதுதான்.

எங்கள் கொட்டகை முதலாளிக்கு மதுரையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. படப்பெட்டிகளை வாடகைக்கு அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் எழுதியது, முழுக்க இங்கிலீஷ். முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி நிற்கத் தெரியும். இரண்டு பேரும் தபாலாபீஸுக்குப் போனோம், குமாஸ்தாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடிதத்தின் கீழே படங்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு படத்தின் பேருக்கு முன்னாலும் ஒரு வார்த்தை. சிலவற்றுக்கு டாக்கிங், சிலவற்றுக்கு சைலண்ட்.

"டாக்கிங்னா பேசுற படம். சைலண்ட்னா ஊமைப் படம். ஊமைப் படம் இனிமே கொஞ்ச நாளைக்குத்தான் வரும்னு எழுதியிருக்காக," என்றார் குமாஸ்தா.

"எது ஊமைப் படம்?" என்றேன்.

"நீங்க இத்தனை நாளாக் காட்டிக்கிட்டு இருக்கீகளே, அதுதான்."

"அப்ப ஆறு வருஷமாத் திரைக்குப் பக்கத்துல நின்னு தொண்டை கிழியக் கத்துனது யாருங்க? என் ஆவியா?"

குமாஸ்தா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் தெரிந்த விஷயம். முதலாளி என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராவிட்டால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

நான் கொட்டகையில் சொல்றவன். என் வேலைக்குப் பேரே அதுதான். படம் ஓடும்போது திரைக்கு இடப்பக்கம் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு, திரையில் நடப்பதை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். யார் ராஜா, யார் வில்லன், அவள் ஏன் அழுகிறாள், இவன் ஏன் ஓடுகிறான், எல்லாம் நான்தான். அழுகிறவளுக்கும் நான்தான் குரல், ஓடுகிறவனுக்கும் நான்தான் மூச்சிரைப்பு. கம்பம், உத்தமபாளையம், கோம்பை, சின்னமனூர் என்று கொட்டகையைப் பிரித்துப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். போகிற ஊரிலெல்லாம் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் என்னை "சொல்றவரே" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நடுநடுவே திரையில் எழுத்து வரும். தமிழில் வந்தால் படித்துவிடுவேன், அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போயிருக்கிறேன். இங்கிலீஷில் மட்டும் வந்தால் நானே பார்த்து ஒன்றைச் சொல்லிவிடுவேன். வெள்ளைக்காரன் படம் ஒன்றில் கதாநாயகனோடு ஒரு நாய் வரும். கோம்பையில் அந்தப் படம் போட்டபோது, "இது கோம்பை நாய், கப்பலேறிப் போனது," என்று அளந்துவிட்டேன். உடனே ஒருவர் எழுந்து, "எந்த வீட்டு நாய்?" என்று கேட்டார். இன்னொருவர், காது மடங்கியிருப்பதைப் பார்த்தால் தன் மாமனார் வீட்டு நாயின் வகை மாதிரி இருக்கிறது என்றார். படம் முடிகிற வரைக்கும் அந்த ஊரில் யாரும் கதாநாயகனைப் பார்க்கவே இல்லை, நாயையே பார்த்தார்கள். ஒருத்தனுக்குக் கஷ்டம் மேல் கஷ்டம் வந்தால், "இவனுக்கு ஏழரை நடக்கு, குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு ஒரு எள் விளக்குப் போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்பேன். பெண்கள் பக்கமிருந்து உச்சுக் கொட்டும் சத்தம் வரும்.

இதில் என் சாமர்த்தியம் பாதிதான். மீதிப் பாதி மெஷின்காரர். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்தார். அந்தக் காலத்து மெஷின் கையால் சுற்றுகிற மெஷின். நான் சொல்லி முடிக்காவிட்டால் துண்டை உயர்த்துவேன், அவர் கையைத் தளர்த்துவார், திரையில் எல்லோரும் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி மெதுவாக நடப்பார்கள். துண்டை இறக்கினால் பழையபடி ஓடுவார்கள். அதனால் எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. யாருக்காவது விளங்கவில்லை என்றால் இருந்த இடத்திலிருந்தே, "இன்னொருக்காச் சொல்லுங்க," என்பார்கள். நான் துண்டைத் தூக்குவேன், இன்னொரு தடவை சொல்வேன். சில படங்களில் ஒரே சண்டைக்கு மூன்று தடவை காரணம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் படம் ஓட்டுவது மரியாதை இல்லை என்பது எங்கள் பக்கத்து எண்ணம்.

இதற்குப் பேர் சைலண்ட்டாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு மனுஷன்கூட அவற்றை ஊமைப் படம் என்று சொன்னதில்லை. படம் என்றுதான் சொன்னோம். அடைமொழியெல்லாம் கிடையாது. பின்னாளில் யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கரண்டு விசிறி வந்த பிறகுதானே நம் வீட்டு விசிறிக்குக் கைவிசிறி என்று பேர் வந்தது? அதற்கு முன்னால் அது வெறும் விசிறி. அதே மாதிரிதான் இதுவும். புதுசாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு, பழசுக்கு ஒரு பட்டம் கட்டிவிடுகிறது. பேசும் படம் வந்த அன்றைக்கு, அதுவரைக்கும் ஓடின அத்தனை படங்களும் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. இப்போது எனக்கு இங்கிலீஷ்காரன்மேல் கோபமில்லை. அவனுக்கு நான் பெட்டிமேல் நின்றது எப்படித் தெரியும்?

ஆனால் அன்றைக்குக் கோபம் இருந்தது. அதிலும் அந்த வார்த்தை தபாலாபீஸ் வாசலோடு நிற்கவில்லை. ஒரு மாசத்துக்குள் கம்பம் முழுக்கப் பரவிவிட்டது. சலங்கை கட்டாத மாடு சைலண்டு மாடு. கூட்டத்தில் வாய் திறக்காத பெரியமனுஷன் சைலண்டு ஆள். என் மனைவி ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னைக்குக் குழம்பு சைலண்டு, காரம் இருக்காது, சத்தம் போடாமத் தின்னுங்க," என்றாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் தட்டைத் திரும்பவும் என் பக்கம் தள்ளிவிட்டு, "கோவத்தையும் சேத்துப் பிசைஞ்சு தின்னா காரமா இருக்கும்," என்றாள். அவள் கோம்பைப் பக்கத்தில் ஏர் ஓட்டுகிற சம்சாரி வீட்டுப் பெண். அவளுடைய வாய்க்கு முன்னால் என் வாய் ஒன்றுமே இல்லை.

முதலாளி மோசமானவர் இல்லை. நெல் வியாபாரத்தில் இருந்தவர், சொந்தபந்தத்தில் யாரும் செய்யாத தொழிலில் துணிந்து இறங்கியவர். பேசும் படத்துக்கான மெஷின் மதுரையிலிருந்து வந்து இறங்கிய அன்று, பட்டப்பகலில், காலியாகக் கிடந்த கொட்டகை மணலில் என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"பேசுற படத்துக்குப் பக்கத்துல நின்னு நீ என்னத்தய்யா பேசுவ? ரெண்டு பேரும் பேசினா சனம் யாரைக் கேக்கும்? கதவுல நின்னு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடு. உன்னை நான் விடலை, பாத்துக்க."

"டிக்கெட்டுக் கிழிக்க என் நாக்கு எதுக்கு? அதுக்கு வேற ஆளைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியில் ஏலத்தோட்டக் கங்காணி ஒருவரைப் பார்த்தேன். குமுளிக்கு மேலே தோட்டங்களுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறதற்குச் சத்தமான குரல் உள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டோடு சூடாக வாக்குக் கொடுத்துவிட்டேன். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் ஆட்களோடு மலையேறுவது என்று ஏற்பாடு.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணன் போன மலைக்கா போறீக?"

அவளுடைய அண்ணன் எங்கள் கல்யாணத்துக்கு மறு வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் போனவர். மலைக்காய்ச்சலோடு இறங்கிவந்தார். பதினோரு நாள் கிடந்தார், அப்புறம் போய்விட்டார். பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அது எல்லாம் தெரிந்தும் அன்றைக்கு என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "அது உங்கண்ணன் விதி," என்றேன். அதைச் சொன்ன நாக்கை இப்போதும் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு புழக்கடைப் பக்கம் போனாள். அதற்கப்புறம் போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசினாள், அதை மட்டும் பேசவில்லை.

முதல் பேசும் படம் வெள்ளிக்கிழமை, கம்பத்தில். தப்புமேளம் அடித்துக்கொண்டு வண்டியில் நோட்டீஸ் போட்டார்கள். இரண்டு நாளில் மலையேறப் போகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். படம் படுத்துவிட வேண்டும், அதை என் கண்ணால் பார்த்துவிட்டு மலையேற வேண்டும். அதற்காகத்தான் போனேன். மனசார வேண்டிக்கொண்டேன். குச்சனூருக்கு எள் விளக்குப் போடுவதாகக்கூட நேர்ந்துகொண்டேன். பேசும் படம் விழ வேண்டும் என்று சனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். சின்னமனூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் தட்டி. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் ஒரு கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். நான் நிற்கிற பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேசும் கருவியை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

படம் ஒரு ராஜா ராணிக் கதை. ஆரம்பித்த உடனே ராணி ஒரு பாட்டுப் பாடினாள். பொய் சொல்லக் கூடாது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ ராணிகளுக்கு நான் பாடியிருக்கிறேன், என் கட்டைக் குரலில். ஒரு பெண்பிள்ளையின் குரல் திரையிலிருந்து அப்படிப் பொங்கி வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கொட்டகையில் ஒரு பிள்ளை அழவில்லை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு முடிந்து பேச்சு ஆரம்பித்தபோதுதான் வந்தது வினை. தமிழ்தான், ஆனால் "பிராணேஸ்வரி, யாது காரணம் பற்றி" என்கிற தமிழ். போதாததற்குக் கருவி கரகரவென்று எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரிந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சம்சாரி, எப்போதும் வருகிறவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாக எழுந்து நின்றார்.

"ராசா, விளங்கலை. அதை இன்னொருக்காச் சொல்லுங்க."

ராஜா நிற்காமல் பேசிக்கொண்டே போனார்.

"ராசா! இங்கன! இன்னொருக்கா!"

ராஜா சடாரென்று முதுகைக் காட்டித் திரும்பி, அந்தப்புரத்துக்குள் போய்விட்டார். படத்தில் அந்த இடத்தில் அப்படித்தான் இருந்தது, அவர் என்ன செய்வார் பாவம். ஆனால் சம்சாரிக்கு முகம் செத்துவிட்டது.

"ஏலே, பாத்தீகளா? வயசுக்கு மூத்தவன் எந்திரிச்சு நின்னு கேக்குறேன், மதிக்காமப் போறான்!"

நான்கு பேர் அவருக்காக எழுந்தார்கள். அப்புறம் நாற்பது பேர். ராஜாவாக இருந்தால் என்ன, கேட்டதற்குப் பதில் சொன்னால் குறைந்தா போய்விடுவான் என்று ஒரே கூச்சல். இதற்கெல்லாம் குற்றவாளி நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. ஆறு வருஷமாகக் கேட்கக் கேட்கத் திரும்பச் சொல்லி, படம் என்றால் பதில் சொல்லும் என்று இவர்களைப் பழக்கியவன் நான். வேறு ஊரில் இப்படி யாராவது எழுந்து திரையிடம் கேட்டிருப்பார்களா?

"மெதுவா! மெதுவா விடுங்க!" என்று பின்னால் பார்த்துக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆறு வருஷம் பழகிய மெஷின்காரர், பாவம், பழக்க தோஷத்தில் புது மெஷினின் வேகத்தைக் குறைத்துவிட்டார். அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்த ராணியின் குரல் இறங்கி, இழுபட்டு, எருமை கத்துகிற மாதிரி "நா...தா..." என்று வந்தது.

"அய்யய்யோ, ராணிக்குத் தொண்டை கட்டிப்போச்சு! சுக்குத்தண்ணி குடுங்கய்யா!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. பிள்ளைகள் பயந்து அழுதன. யாரோ ஒருத்தன் மணலை அள்ளித் திரைமேல் வீசினான், அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வீசினார்கள். மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள்.

மெஷின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "எந்து செய்யும்? அவுக மெதுவான்னு சொன்னா என்ட கை தானாப் போயிருது," என்றார். முதலாளி துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய்க் கும்பிட்டு நின்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"சொல்றவர் எங்கன? சொல்றவரைக் கூப்பிடுங்க!"

நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். திரை கிழியும், மெஷின் மதுரைக்குத் திரும்பிப் போகும், என் பெட்டி என் இடத்துக்கு வந்துவிடும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த குஷியை என்னவென்று சொல்ல! ஆனால் அடுத்த நிமிஷம் வேறு ஒன்று தோன்றியது. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ராணி இன்னும் பாடுவாள், அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. இவர்கள் திரையைக் கிழித்துவிட்டால் அந்தப் பாட்டை நான் எங்கே போய்க் கேட்பேன்? ஒருவேளை நான் இத்தனை நாளும் என் தொண்டையைவிடப் படத்தைத்தான் அதிகமாக நேசித்தேனோ என்னவோ. எழுந்து, ஆட்களைத் தாண்டித் தாண்டி முன்னால் போனேன்.

"அய்யாமாரே, ஆத்தாமாரே, உக்காருங்க. உக்காந்தாத்தான் சொல்வேன்."

உட்கார்ந்தார்கள். என் குரலுக்கு அந்த அளவு மதிப்பு மிச்சம் இருந்தது.

"இந்த ராசா இங்கன இல்லை. எப்பவோ எங்கனயோ பேசினதைப் பிடிச்சு வச்சு இப்ப விடுறாக. நீங்க கேக்குறது அவருக்குக் காதுல விழாது. மரியாதை தெரியாதவர் இல்லை."

முன்வரிசைச் சம்சாரி கோபம் தணியாமலே கேட்டார். "சரி, அவருக்குக் காது கேக்காது. அப்ப எங்களுக்கு விளங்கலேன்னா நாங்க யாரைக் கேக்குறது?"

நான் யோசித்து வைத்துக்கொண்டு போய் நிற்கவில்லை. அந்த இடத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "என்னைக் கேளுங்க. ஒரு ரீல் முடிஞ்சதும் அடுத்த ரீல் மாட்டுற வரைக்கும் விளக்குப் போடுவாக. அப்பக் கேளுங்க, எத்தனை தடவைன்னாலும் சொல்றேன். படம் ஓடுறப்ப மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. மெதுவான்னு கத்தினா ராணி மறுபடி எருமையாயிருவா, பாத்துக்கங்க."

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் படங்கள் ஓடிய ஆறு வருஷமும் இந்தக் கொட்டகை சந்தைக்கடையாகத்தான் இருந்தது. திரை பேச ஆரம்பித்த பிறகுதான் ஜனங்கள் பேச்சை நிறுத்தினார்கள். சைலண்ட் என்கிற பட்டத்தை மதுரைக்காரர்கள் திரையில் ஓடுகிற படத்துக்குக் கட்டிவிட்டார்கள், அது பார்க்கிற ஜனங்களுக்கு அல்லவா பொருத்தம்?

ரீல் முடிந்து விளக்கு வந்ததும் கைகள் எழுந்தன. ராஜா ஏன் கோபப்பட்டார், அந்தச் சேடிப்பெண் யார் பக்கம், "சாபம்" என்று சொன்னதற்கு முன்னால் சொன்ன வார்த்தை என்ன? எனக்கே பாதிதான் விளங்கியிருந்தது. விளங்கியதைச் சொன்னேன், விளங்காததை முன்போல அளக்கவில்லை. அடுத்த ரீலில் நிஜத்தை அவர்களே காதால் கேட்டுவிடுவார்களே, மானம் போய்விடும். "அது எனக்கும் தெரியலை, பொறுங்க, வரும்," என்றேன். அப்படிச் சொல்ல முதல் தடவை கூச்சமாக இருந்தது. பெண்கள் பக்கம் ஒருத்தி, "ராணி கட்டியிருக்கது பட்டா, நூலா?" என்று கேட்டாள். அதற்கும் தெரியாது என்றேன்.

மூன்றாவது ரீல் முடிந்தபோது முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். துண்டு பழையபடி தோளுக்கு ஏறியிருந்தது.

"நாளைக்கும் இப்படி நிப்பியா? நாளைக்கு மட்டும் இல்லை, இனி எந்தப் படம் போட்டாலும்."

இதற்குத்தானே எட்டு நாளாக ஏங்கிக்கொண்டிருந்தேன்? ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா? ஆனால் என் புத்தி எப்படிப்பட்டது பாருங்கள். டிக்கெட் கிழிக்கச் சொன்னது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. முன்வரிசைக்கெல்லாம் கேட்கிற மாதிரி விறைப்பாகச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறேன். கங்காணிக்கு வாக்குக் குடுத்தாச்சு." முதலாளி மெஷின் பக்கம் போனார். சொல்லி முடித்ததுமே அவரைத் திரும்பக் கூப்பிடலாமா என்று இருந்தது. சரி, சொன்னது சொன்னதுதான் என்று நின்றேன்.

நான்காவது ரீல் முடிந்தது. விளக்கு வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து, தட்டிக்கு மேலே ஒரு கை உயர்ந்தது.

"சொல்றவரே! எனக்கு ஒண்ணு விளங்கலை."

கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய வாய், யாரென்று பார்க்காமலே, "கேளு ஆத்தா," என்றது.

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி. அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. சிரிப்பு அடங்குகிற வரைக்கும் கையைக் கீழே இறக்காமல் நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"படத்துல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நீங்க மலைக்குப் போறீகளா, போகலையா? எட்டு நாளா வீட்டுல கேக்க வாய் வரலை. கேட்டு, போறேன்னு சொல்லிட்டீகன்னா என்ன செய்ய? இங்கன எல்லாருக்கும் சொல்றீகள்ல, எனக்கும் சொல்லுங்க."

ஆயிரம் கண்ணும் என்மேல்தான். உயர்த்திய கையை அவள் இன்னும் இறக்கவில்லை. அவள் பயந்து போயிருக்கிறாள், எட்டு நாளும் சோறு போட்டதும் கேலி பேசியதும் பயந்துகொண்டேதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய அண்ணனைத் தூக்கிப்போன அன்றைக்கு அவள் விழுந்து புரண்டது கண்முன்னால் வந்தது. அந்த மலைக்கு, ஒரு வறட்டு ரோஷத்துக்காக, இவளை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சொல்லுங்கய்யா, ஆத்தா கேக்குதுல்ல," என்றார் முன்வரிசைச் சம்சாரி.

"போகலை," என்றேன். என் குரலே எனக்கு வேற்று ஆள் குரலாகக் கேட்டது. "போகலை. இங்கனதான் இருக்கேன்."

அவள் கையை இறக்கினாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளை இடித்து இடம் பண்ணிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

"அப்பச் சரி. படத்தைப் போடச் சொல்லுங்க."